மெர்வ் படிக்காத புத்தகம்

கார்வின் கிரீக்கில் மழை நின்றால் ஜனங்கள் வெளியே வந்து வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் எல்லா ஊரும் இப்படித்தான். எங்கள் ஊரில் சுரங்கத்தையும் மூடிவிட்டதால் பார்ப்பதற்கு வானம் மட்டும்தான் மிச்சம். வங்கி போனது, பல் டாக்டர் போனார், கடைசியில் பாதிரியாரும் போனார். நூலகம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. வாரத்தில் இரண்டு மதியம் திறக்கும். அதை மூடவேண்டும் என்பது மேலிடத்தில் யாருக்கோ மறந்துபோயிருக்க வேண்டும். ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று, கூரை ஒழுகினாலும் நாங்கள் புகார் எழுதுவதில்லை.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைப் படித்து முடித்தவர் முப்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தன் அடையாளத்தைப் போட்டுவைப்பார். துப்பறியும் கதைகளுக்கெல்லாம் அட்டையில் ஒரே பனிமூட்டம், கோட்டுப் போட்ட ஒரே ஆள். பாதிப் புத்தகம் போன பிறகுதான், அடடா, இந்தச் சித்தப்பாதானே கொலைகாரன், போன குளிர்காலத்திலேயே பிடிபட்டுவிட்டானே என்று உறைக்கும். அந்த அவமானத்தைத் தவிர்க்கத்தான் அடையாளம். கெவ் ஸ்டாபார்டுக்கு ஒரு பெருக்கல் குறி. பள்ளிப் பேருந்து ஓட்டும் க்ளெனிஸுக்கு ஒரு புள்ளி. நூலகத்தை நடத்தும் ரேலீன், புத்தகத்தில் கிறுக்குவது குற்றம் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார். அவருடைய அடையாளம் சின்ன நட்சத்திரம்.

மெர்வ் டிரெத்தவனுடையது தூண்டில் முள்.

மெர்வ் சுரங்கத்தில் மின்வேலை பார்த்தவர். வெயில் வேண்டுமென்று குவீன்ஸ்லாந்து போன மனைவி திரும்பி வரவில்லை. மகள் பெர்த்தில் இருக்கிறாள். மழையும் நேரமும் தாராளமாகக் கிடைத்ததால் மெர்வ் படித்தார். கொலை, காதல், கப்பல் மூழ்கியது, ரோமாபுரி எரிந்தது, வேற்றுக் கிரகம், ரோஜா வளர்ப்பு, எதையும் விடவில்லை. ஆட்டுக் குளம்பு நோய்கள் என்ற புத்தகத்தில்கூட முப்பத்தோராம் பக்கத்தில் அந்த முள் தொங்குகிறது.

படித்ததோடு விட்டிருந்தால் அது அவர் சொந்த விஷயம். மெர்வ் சிபாரிசு செய்வார். "நல்லா இருக்கும்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார், அலமாரிப் பக்கம் போவார், ஒன்றை உருவிக்கொண்டு வந்து கையில் திணிப்பார். பெண்டாட்டி பிரிந்துபோன கெவ்வுக்கு, தென்துருவத்துப் பனியில் கப்பல் சிக்கி மாலுமிகள் பூட்ஸை வேகவைத்துத் தின்ற வரலாறு.

"என்னடா இது, எனக்கு ஆறுதலா எதுவும் கிடையாதா?" என்றார் கெவ்.

"இவனுங்களுக்கும் பெண்டாட்டி பக்கத்துல இல்ல. கூடவே சோறும் இல்ல. நீ பரவால்ல."

கெவ் அதை மூன்று முறை படித்தார். பாதிரியாரின் மனைவிக்கு ரத்தம் சொட்டும் கொலைக் கதைகளைக் கொடுத்ததும் மெர்வ்தான். அவர்கள் ஊரைவிட்டுப் போனதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் நம்புகிறோம்.

க்ளெனிஸிடம் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. க்ளெனிஸின் கணவன் இறந்த மாதம், துக்கத்தை எப்படிக் கடப்பது என்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மெர்வ் கொண்டுபோய் நீட்டினார்.

"ஏன்யா, துக்கத்துக்குப் புத்தகமா? பின்னாடி விறகு கெடக்கு. ஒடச்சுக் குடுத்துட்டுப் போ."

மெர்வ் அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு உடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு க்ளெனிஸ் அவரிடம் புத்தகம் கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை.

மற்றவர்கள் என்ன செய்தோம் என்றால், மெர்வைக் கேட்கக்கூட அலுத்துக்கொண்டு, நேராக முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தோம். முள் இருந்தால் எடுப்போம், இல்லாவிட்டால் வைத்துவிடுவோம். இதை நான் படித்துவிட்டேன் என்று ஒரு மனிதர் தனக்காகப் போட்டுக்கொண்ட குறி, இதைப் படிக்கலாம் என்று ஊருக்குப் போட்ட முத்திரையாக மாறிவிட்டது. படித்து முடித்துவிட்டுப் பிடிக்காமல் தூக்கி எறிந்த புத்தகத்திலும் அவர் முள் போட்டிருக்கிறார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவற்றையும் ரசித்தோம்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் மெர்வின் நுரையீரல் கணக்குக் கேட்டது. சுரங்கத்துத் தூசி. எங்கள் சின்ன மருத்துவமனையின் கடைசி அறையில் படுக்கவைத்தார்கள். அந்த அறையின் ஜன்னலிலிருந்து சுரங்கத்து மேடு நன்றாகத் தெரியும். கட்டியவர் நகைச்சுவை உணர்வுள்ளவர். மூக்கில் குழாய். குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொன்னது மெர்வுக்கும் தெரியும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நான் படிக்காத புக்கு ஒண்ணு குடுங்க. முடிவு தெரியாம ஒண்ணு படிக்கணும். என் கதையோட முடிவுதான் தெரிஞ்சுபோச்சே."

ஊர் உருகிவிட்டது. மறுநாளே கெவ் ஒரு புத்தகத்தோடு வந்தார். மெர்வ் பிரித்தார், முப்பத்தோராம் பக்கத்தில் தன் முள்ளைப் பார்த்தார், மூடினார்.

"கெவ், இது நான் படிச்சது."

"தெரியும்டா! முள்ளு இருக்கான்னு பாத்துத்தானே எடுத்தேன். உனக்குப் போய் ஏனோதானோன்னு கொண்டுவருவேனா?"

"முள்ளு இல்லாததா எடுத்துட்டு வா."

"முள்ளு இல்லாதத எப்படி நம்புறது? நல்லா இல்லன்னா? நீ இருக்கற நெலமைல நல்லா இல்லாத புக்கக் குடுத்தேன்னு ஊரு என்னக் காறித் துப்பவா?"

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மூன்றிலும் முள். வார இறுதியில் ஜன்னலோரம் ஒரு அடுக்கு சேர்ந்து சுரங்கத்து மேட்டைப் பாதி மறைத்தது. மெர்வ் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். அப்புறம் சொல்வதை நிறுத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் பிமலா நேபாளத்துப் பெண். தன் போனில் ஏதோ ஒரு கதையை எடுத்துக் காட்டினாள். "எழுத்து ஓடுதும்மா, என்னால தொரத்த முடியல" என்றார் மெர்வ். தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து புதுப் புத்தகம் அனுப்பச் சொல்லி ரேலீன் எழுதினார். மலைப்பாதையில் மண் சரிந்து லாரி நின்றுவிட்டது.

கடைசியில் பப்பில் கூட்டம் போட்டோம். ரேலீன் மேஜையைத் தட்டினார். "ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்க மனசுக்குப் பிடிச்ச புத்தகம். மெர்வ் குடுக்காதது."

கெவ்வின் கப்பல், ரேலீனின் ரோமாபுரி, எல்லாமே மெர்வ் திணித்தவை. இத்தனை வருஷமாக எங்கள் ரசனை என்று நாங்கள் பீற்றிக்கொண்டது அத்தனையும் இரவல். ஒரு ஊரே கூடி உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார் க்ளெனிஸ்.

கைப்பையிலிருந்து எடுத்தார். அட்டையில் ஒரு கோட்டை, ஒரு குதிரை, குதிரைமேல் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத ஒரு ஆள். ஒருத்தி மயங்கிச் சாய்ந்திருந்தாள். ஓரமெல்லாம் நைந்திருந்தது. நூலகத்துப் புத்தகம் அல்ல, வீட்டுப் புத்தகம்.

பப் சிரித்தது. நன்றாக வயிறு குலுங்கச் சிரித்தது. பல நாள் இறுக்கம் போய்விட்டது.

"சாகப்போறவனுக்கா இது? அவன் சீக்கிரம் போகணும்னு பாக்கறியா?" என்றார் கெவ்.

"ராத்திரி தூக்கம் வரலன்னா படிப்பேன். அவ்வளவுதான்" என்றார் க்ளெனிஸ். புத்தகத்தைப் பைக்குள் போட்டார். காது சிவந்திருந்தது. எதுவும் முடிவாகாமல் கூட்டம் கலைந்தது.

க்ளெனிஸ் உடனே மருத்துவமனைக்குப் போகவில்லை. அந்தச் சிரிப்பு அவரை ஒரு வாரத்துக்கும் மேல் வீட்டிலேயே கட்டிப்போட்டது. அந்த நாட்களில் மெர்வின் மூச்சு நன்றாகக் குறைந்துவிட்டது. பிறகு ஒரு மதியம், பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தோடு நேரே போய், புத்தகத்தை மெர்வின் நெஞ்சின்மேல் வைத்தார்.

"குப்பைன்னு சொன்னா அடிச்சிருவேன்."

மெர்வ் பழக்கதோஷத்தில் முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். வெறும் வெள்ளை ஓரம். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லி முதல் பக்கத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"க்ளெனிஸ், படுமோசம். இந்தக் குதிரைக்காரன்தானே மாறுவேஷத்துல இருக்கற பிரபு?"

"படி."

"அவன்தான். மூணாம் பக்கத்துலயே தெரியுது."

"ஒனக்குத் தெரியும்னு நீ நெனைக்கற. படி."

மெர்வ் காதல் கதை படிக்கிறார் என்ற செய்தி ஊருக்குள் வந்தது. சிரித்த பப் வரிசையில் நின்றது. அவர் முடித்ததும் தனக்குத்தான் என்று க்ளெனிஸிடம் முதலில் சொல்லிவைத்தவர் கெவ். பின்னாலேயே ஏழெட்டுப் பேர், எல்லாம் சுரங்கத்தில் பாறை உடைத்த கைகள்.

மெர்வ் ஒரு நாளுக்கு ஐந்தாறு பக்கம் படித்தார். பிறகு ஒரு பக்கம். தினமும் க்ளெனிஸைக் கேட்டார். "அவன்தானே?" க்ளெனிஸ் உதட்டைப் பிதுக்குவாரே தவிரச் சொல்லமாட்டார். "சீக்கிரம் படிய்யா" என்பார். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் கோட்டை தீப்பிடித்தது. அங்கே அவர் கை புத்தகத்தைத் தூக்க மறுத்தது. அடுத்த நாள் கண்ணும் திறக்கவில்லை.

பிமலா எல்லோரையும் கூப்பிட்டாள். க்ளெனிஸ் கட்டிலின் ஒரு பக்கம், கெவ் மறுபக்கம்.

"காது கேக்குமா?" என்றார் க்ளெனிஸ்.

"கேக்கலாம். பேசுங்க" என்றாள் பிமலா.

க்ளெனிஸ் குனிந்தார். "மெர்வ், அந்தக் குதிரைக்காரன் இருக்கான்ல..."

"ஏய், ஏய், சொல்லாத! நான் இன்னும் படிக்கல" என்றார் கெவ்.

"வெளிய போ."

"என் சினேகிதன் சாகறான், நான் ஏன் வெளிய போகணும்?"

"அப்ப காதப் பொத்திக்கோ."

"பொத்தினா அவன் மூச்சு எனக்கு எப்படிக் கேக்கும்?"

கெவ் அழுதுகொண்டேதான் சண்டை போட்டார். க்ளெனிஸ் அவரை எட்டி ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மெர்வின் காதில் வாயை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு, முழுசாகச் சொன்னார். தீ, கோட்டை, யார் யாரை மணந்தார்கள், எல்லாம். நிமிர்ந்தபோது பிமலா மெர்வின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிறகு மெதுவாகப் போர்வைக்குள் வைத்தாள்.

"எப்போ?" என்றார் க்ளெனிஸ்.

"இப்பதான்."

"நான் சொல்றதுக்கு முன்னாடியா? பின்னாடியா?"

பிமலா மூக்குக் குழாயை எடுத்துச் சுருட்டினாள்.

"நீ கையப் பிடிச்சிட்டுத்தானேம்மா இருந்த. முன்னாடியா, பின்னாடியா?"

பிமலா ஆக்ஸிஜனை மூடினாள். வெளியே பேருந்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. க்ளெனிஸ் அணைக்க மறந்திருந்தார்.