ஆசீர்வாதம் அண்ணாச்சியும் பச்சை பெயிண்டும்

செம்பூரிலிருந்து என் மாமனார் மாட்டுங்காவில் என் ஆபீசுக்குப் போன் செய்தால் ஒரே காரணம்தான்: வானம் இருண்டிருக்கிறது, பிக்கப் வண்டிக்குத் தார்ப்பாய் கட்ட மாப்பிள்ளை வர வேண்டும். போன செவ்வாய்க்கிழமையும் அப்படி நினைத்து, "இங்கே நல்ல வெயில் மாமா" என்று முந்திக்கொண்டேன்.

"ஆசீர்வாதம் அண்ணாச்சி போயிட்டாரு மாப்ளே. காலையில காபி குடிச்சிட்டு உக்காந்தவரு, எந்திரிக்கல."

தாராவியில் வண்டி வைத்திருந்த எவருக்கும் அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலிக்காரர், வண்டிகளுக்கு எலெக்ட்ரீஷியன். ஒரு தகரக் கொட்டகை, கரண்டு வருகிறதா என்று பார்க்க இரண்டு ஒயர் முளைத்த ஒரு பல்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. எந்த வண்டி வந்தாலும் தொடுவதற்கு முன் கேட்பார்: "கடைசியா இதுல கை வச்சது யாரு?" வண்டி தானாகக் கெடாது என்பது அவர் கட்சி. "எவனாவது நல்லது செய்யணும்னு நெனச்சிருப்பான்வே" என்பார்.

அந்த எவனாவது, ஒருமுறை நான்.

நாலு வருஷத்துக்கு முன்பு மாட்டுங்காவில் என் மைத்துனிக்குக் கல்யாணம். சமையல் மட்டும் தாராவியில். இட்லிக் கூடைகளையும் சாம்பார் அண்டாக்களையும் மாமாவின் பழைய பிக்கப்பில் ஏற்றி, சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்காரும் முன் கொண்டு சேர்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமாவின் மதிப்பில் என் இடம் ஸ்டெப்னி டயருக்குச் சற்றுக் கீழே. அதை உயர்த்திக்கொள்ள, முந்தின நாள் வண்டி முழுக்கப் பச்சை பெயிண்ட் அடித்தேன். மாமா சுற்றிவந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உற்சாகத்தில் வண்டிக்கு அடியிலும் புகுந்திருந்தேன். பெட்ரோலை இன்ஜினுக்கு இழுத்துக் கொடுக்கும் மின்சாரப் பம்ப்பைக் கழற்றி, அது உட்காரும் இரும்பில் இரண்டு கோட்டிங் பூசி, காய்ந்ததும் திரும்ப முடுக்கிவிட்டேன். பெயிண்டர்கள்கூடச் செய்யாத நேர்த்தி!

இன்ஜினில் மிச்சமிருந்த பெட்ரோலில் காலையில் வண்டி கிளம்பியது. மெயின் ரோட்டை எட்டியதும் இருமி நின்றது. பட்டு வேட்டியில் மாமா என் பக்கத்தில்; பின்னால் இருநூறு பேர் சாப்பாடு. கல்யாணத்தை இங்கேயே முடிக்கப் போகிறீர்களா என்று ஒரு டாக்ஸிக்காரன் ஹிந்தியில் விசாரித்தான். யாரோ ஓடிப்போய் ஆசீர்வாதம் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார்கள். இருமி நின்றது என்றதுமே பெட்ரோல் ஏறவில்லை என்று கண்டுகொண்டார்.

"பம்ப்புல கடைசியா கை வச்சது யாரு?"

மாமா என்னைப் பார்த்தார். நேற்றைய "பரவாயில்லையே" கண்முன் வந்து நின்றது. "யாரும் தொடலையே அண்ணாச்சி" என்றேன்.

"சாவியத் திருப்பும். எல்லாரும் வாய மூடுங்கப்பா, அது பேசட்டும்."

சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று துடிக்க வேண்டிய பம்ப் பேசவில்லை. ஸ்பேனரால் செல்லமாக இரண்டு தட்டு தட்டினார். அப்போதும் மௌனம். பல்பின் ஒரு ஒயரைப் பம்ப்புக்கு வரும் ஒயரிலும், மற்றதை என் பிரஷ் எட்டாத இரும்பிலும் வைத்தார். எரிந்தது. "கரண்டு வர்ற வழி இருக்கு." இரண்டாவது ஒயரை மட்டும் பம்ப்பின் உடம்புக்கு மாற்றினார். இருட்டு. "திரும்பிப் போற வழியத்தான் அடைச்சிருக்கான்."

பம்ப்புக்குள் போன கரண்டு வண்டியின் இரும்பு வழியாகத் திரும்ப வேண்டும்; நடுவில் என் இரண்டு கோட்டிங் பெயிண்ட். அடைத்தவன் எவன் என்று சொல்லவில்லை. போல்ட்டின் ஓரத்து இரும்பை நகத்தால் சுரண்டினார். பச்சையாக உரிந்து வந்தது. அதைப் பார்த்தார், என் நகங்களைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி கோளாறு?" என்றார் மாமா.

"கடக்காத்து. உப்பு ஏறிட்டு. வண்டிய மூடாமப் போட்டா இப்படித்தான்."

போல்ட்டைத் தளர்த்தி, அடியில் கத்தியால் சுரண்டி, மறுபடி முடுக்கினார். டிக் டிக் டிக். அந்தச் சத்தத்துக்கு ஈடான நாதஸ்வரத்தை அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில்கூட நான் கேட்கவில்லை. கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இனிமே வெளிய மட்டும் அழகு பாரும்வே" என்றார்.

மறுநாளே மாமா தார்ப்பாய் வாங்கினார். அன்றிலிருந்து மேகம் கூடிக் காற்று கிளம்பினால் மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு என் ஓட்டம். எங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், "இப்ப கடக்காத்து எப்படிவே இருக்கு?" என்று கேட்பார்.

அண்ணாச்சியின் அடக்கம் முடிந்து அதே பிக்கப்பில் திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் மாமாவிடம் கொட்டிவிட்டேன்.

"கடக்காத்து பச்சைக் கலர்லயா அடிக்கும் மாப்ளே? அன்னிக்கு நானும் குனிஞ்சு பாத்தேம்லா."

"பின்னே எதுக்கு மாமா நாலு வருஷமா தார்ப்பாய்?"

"அம்புட்டு பேரு முன்னால கடக்காத்துன்னு சொல்லிட்டாரு. நான் மூடாம விட்டா, அந்த மனுசன் பொய் சொன்னதா ஆயிராதா?"

அண்ணாச்சியின் பல்பு அவர் மகனிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். வீட்டில் எது கெட்டாலும் கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் பதில் நான்தான்.

நேற்று சாயங்காலம் வானம் இருண்டது. போன் வரவில்லை. ஆனாலும் செம்பூருக்குப் போனேன். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.