பஸிலியாவின் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம்

கத்தி ஆரஞ்சை இரண்டாகப் பிளக்கும்போது "கோ". முதல் பாதியை வைத்துப் பிழிகருவியின் கைப்பிடியை அழுத்தும்போது "வென்ட்". மறு பாதிக்கு "கான்". சக்கை வாளியில் விழுந்ததும் அடுத்த பழம், அடுத்த ஆங்கில வினைச்சொல். நாங்கள் மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் பஸிலியா கிஸ்பெர்த்தின் தள்ளுவண்டியில் சாறு குடிக்க வருகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். வங்கிக்கு ஓடுகிற இளைஞர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். "பேச்சுக் குடுக்காதீங்க தம்பி, மறந்துட்டா மறுபடி முதல்லேருந்து வரணும்" என்று அவர்களையே அதட்டுவார்.

அவர் வண்டிக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு விளக்குக் கம்பம்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டு இருவருமாக ஆங்கில வகுப்புக்குப் போகிறோம். எனக்கு வீட்டில் பொழுது போகவில்லை, அதனால் போகிறேன். அவர் போவது சம்பந்தியம்மாவுக்காக.

எங்கள் ஊர்ப் பெண்கள் வைக்கும் அந்த உயரமான வட்டத் தொப்பியை வகுப்பில்கூடக் கழற்ற மாட்டார். பின்னால் இருப்பவர்களுக்குப் பலகை தெரியவில்லை என்று புகார் வந்ததால் எங்களுக்குக் கடைசி பெஞ்சு. மடியில் வறுத்த மொச்சைப் பொட்டலம் இருக்கும். சரியான பதில் சொன்னால் தனக்குத் தானே ஒரு மொச்சை போட்டுக்கொள்வார். ரூபேன் வாத்தியார் எதையாவது தெளிவாக விளக்கிவிட்டால் எழுந்து போய் அவர் மேஜையிலும் ஒன்று வைப்பார். வாத்தியாருக்கு மொச்சை கிடைக்காத நாட்கள்தான் அதிகம்.

பஸிலியாவுக்கு ஒரே மகன், குரோவர். கேபிள் கார் நிலையத்தில் மின்வேலை பார்க்கிறான். நியூசிலாந்திலிருந்து ஊர் சுற்ற வந்த டெஸ் என்ற பெண்ணைக் காதலித்தான். கல்யாணம் முடிந்ததும் அவளோடு அங்கேயே போய்விடப் போகிறான். பெண்ணின் அம்மா ஹெதருடன் பஸிலியா சில முறை வீடியோவில் பேசியிருக்கிறார், மகன் மொழிபெயர்க்க.

"அதை மொழிபெயர்ப்புன்னு சொல்லாதடி நொயெமி" என்றார் என்னிடம். "நான் மூச்சு விடாம பத்து வார்த்தை பேசினா, அவன் ஒண்ணு சொல்றான். அந்தம்மா தலையாட்டுது. என் மீதி ஒம்பது வார்த்தை எங்க போச்சு?"

"அவனுக்குக் கூச்சமா இருக்கும், தோன்யா."

"கூச்சப்படறவன் எதுக்குக் கடல் தாண்டிப் பொண்ணு தேடினான்?"

அதனால் தானே ஒருமுறை ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார். அதில் ஒரு கூத்து நடந்தது. பொலிவியாவில், லா பாஸ்காரர்களான எங்களுக்கு, ஸ்பானிஷ் பேசும்போது ஒரு பழக்கம் உண்டு. கண்ணெதிரே இருப்பதைப் புதிதாகக் கண்டுகொண்டால், அதை எப்போதோ முடிந்துபோன காலத்தில் வைத்து வியப்போம். சூப்பு வாயில் இருக்கும்போதே "ருசியா இருந்திருக்கே!" என்போம். ஹெதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதைத் திரையில் பார்த்த பஸிலியா, அதே வியப்பை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டினார்: நீங்கள் உயரமாக இருந்திருந்தீர்கள்! அந்த அம்மாள் குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இப்போது குட்டையாகிவிட்டேனா என்று கேட்டாராம். குரோவர் இணைப்பு சரியில்லை என்று சொல்லித் துண்டித்துவிட்டான்.

அந்த வாரமே வகுப்பில் அந்த இறந்தகாலம் பாடமாக வந்தது. ஒன்று நடப்பதற்கு முன்பே இன்னொன்று நடந்து முடிந்திருந்தால், முந்தினதை இப்படிச் சொல்ல வேண்டும் என்று ரூபேன் பலகையில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். "நான் வர்றதுக்குள்ள மினிபஸ் போயிருந்தது. எங்கே, எல்லாரும் சொல்லுங்க."

எல்லோரும் சொன்னோம். பஸிலியா சொல்லவில்லை.

"மினிபஸ் போனா பின்னாடியே இன்னொண்ணு வரும், வாத்தியாரே" என்றார். "திரும்பி வராத ஒண்ணைச் சொல்லிக் குடுங்க."

வகுப்பு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் ஒன்றுக்கு மேல் வைக்காதவர் அன்று வாத்தியார் மேஜையில் மூன்று மொச்சை வைத்திருந்தார். அது எனக்கு உறுத்தியது. எனக்கு ஒன்று உறுத்தினால் தூக்கம் வராது, பிறவிக் குணம். வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது கேட்டே விட்டேன்.

"சம்பந்தியம்மாகிட்ட அப்படி என்ன சொல்லணும், தோன்யா?"

பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இரண்டு படி இறங்கினார். "குரோவர் பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போயிடுச்சு. ஒரு பொண்ணு, ஒரு பையன். ரெண்டும் தவழக்கூட இல்ல. அந்தம்மா நினைச்சுக்கும், ஒரு பையன், வளந்தான், பறந்தான்னு. அப்படி இல்ல. மூணு பேருக்குப் பதிலா நான் வெச்சிருந்தது இவனை. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவனை வாங்கிக்கட்டும்."

"குரோவரே சொல்லட்டுமே."

"அவன் சொன்னா 'அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்'னு முடிச்சிடுவான். எனக்குத் தெரியாதா, நான் பெத்தவ."

அதன் பிறகு அவருக்கு வேறு ஆங்கிலமே தேவைப்படவில்லை. குரோவர் பிறப்பதற்கு முன் நான் இரண்டு குழந்தைகளை இழந்திருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பழம் பிழியும்போது சொன்னார், சில்லறை எண்ணும்போது சொன்னார், போக்குவரத்துக் காவலரிடம்கூடச் சொல்லிப் பார்த்தார். அந்தக் காவலர் பயந்துபோய் வண்டியை நகர்த்தச் சொல்லாமலே போய்விட்டார். உச்சரிப்பைக் கேட்கிற வேலை எனக்கு. உதட்டில் வாக்கியம் பிசகாமல் வந்தது. ஆனால் 'இழந்திருந்தேன்' என்று வருகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் என் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்வேன்.

ஹெதர் வந்து இறங்கியது சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின நாள். மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் உயரத்துக்குப் பழக்கமில்லாத மூச்சு, அதற்கு மருந்தாகக் கையில் கோக்கா இலைத் தேநீர். மறுநாள் நண்பகலில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. பஸிலியா வீட்டில் கறுப்புத் துணி விரித்த மேஜை, கரும்பு, வெங்காயப் பூ, பழங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு ரொட்டிக் குழந்தைகள் படுத்திருந்தன. துணி சுற்றிய மாதிரி பிசைந்து சுட்ட ரொட்டி, தலைப்பக்கம் வண்ணம் தீட்டிய குட்டி முகம். பிரார்த்தனை சொல்ல வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கூடை நிறைய அதே மாதிரி ரொட்டி சமையலறையில் இருந்தது. அந்த நண்பகலில் நானும் என் பங்குக்குப் போயிருந்தேன்.

ஹெதர் மேஜை முன்னால் நின்று ரொட்டிகளைப் பார்த்தார். டெஸ் மாடியில் இருந்தாள். குரோவர் விளக்கப் போனான்.

"நீ போய் நாற்காலி கொண்டா" என்றார் பஸிலியா.

"வீட்ல எல்லா நாற்காலியும் இங்கதாம்மா இருக்கு."

"பக்கத்து வீட்ல கேளு."

அவன் போனான். பஸிலியா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சம்பந்தி எதிரில் நின்றார். அந்த அம்மாளின் தோள் உயரம்கூட இல்லை. வாயைத் திறந்தார். குரோவருக்கு முன்னால், என்பது வரை சரியாக வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நான் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தேன், அவர் என் பக்கமே திரும்பவில்லை. வாரக் கணக்கில் பாடம் பண்ணின வாக்கியம் போன இடம் தெரியவில்லை. கடைசியில் ரொட்டிகளைக் காட்டி, "டூ" என்றார். அவ்வளவுதான்.

ஹெதர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மேஜையைப் பார்த்தபடி மெதுவாக, எங்களுக்குப் புரியட்டும் என்றுதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்: டெஸ் பிறப்பதற்கு முன் தனக்கும் ஒரு பையன் இருந்தான், பத்து நாள் மட்டும்.

பஸிலியா சமையலறைக்குள் போனார். கூடையில் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது. நல்லதாக ஒன்றைத் தேடியிருக்க வேண்டும். திரும்பி வந்து, மேஜையில் இருந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணினார். "நேம்?" என்று கேட்டார்.

"கேலம்" என்றார் ஹெதர்.

"கேலம்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது ரொட்டியை அந்த இடைவெளியில் படுக்க வைத்து, அதன் முகம் ஹெதரைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.