இறக்கத்தில் நின்ற ஃப்ரிட்ஜ்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மனைவி கலா வேனுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இந்தச் சாம்பார் ஏன் இப்படி நிக்குது?"

சாம்பார் எப்படி நிற்கும்? போய்ப் பார்த்தேன். வேனில் இருக்கிற குட்டி ஃப்ரிட்ஜின் தட்டில், குளிருமா என்று பார்க்க அவள் வைத்த ஒரு கிண்ணம். ஒரு பக்கம் சாம்பார் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. பிசிக்ஸ் வாத்தியாரான நான், "வண்டி சரிவுல நிக்குதுல்ல... அதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பிசிக்ஸ் வாத்தியார்! நீங்கள் சிரிப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்சிக்காரன், ஃபிஜிக்கு வந்து நவுசோரியில் பாடம் நடத்துகிறேன் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்தியர்கள் நிறைய பேர் இருந்த ஆட்சியை இங்கே ஃபிஜியர்கள் சிலர் கவிழ்த்துவிட்டார்கள் என்பதையும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஊரில் அதைக் 'கூ' என்கிறார்கள். மழை, வெள்ளம், கூ... அந்த வரிசையில்தான் பேசிக்கொள்கிறார்கள். முன்பே பார்த்தவர்கள் இல்லையா?

அன்றிலிருந்து ஒருவரும் நிம்மதியாக உட்காருவதில்லை. வாரத்துக்கு ஒரு வீட்டில் வழியனுப்பு விருந்து. ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் எழும்பும் சத்தம் கேட்கும். கேட்டதும் தெருவே அண்ணாந்து பார்க்கும். இன்றைக்கு யார்?

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்வதற்குள் போய்விடும். அதில் என்ன கஷ்டம், பழைய சாம்பாரைக் கொட்டிவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? கலாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டாக வேண்டும். வாங்கி வைத்திருந்த மருந்து பாட்டில்கள் அத்தனையும் வீட்டு ஃப்ரிட்ஜில் சூடாகிக்கொண்டிருந்தன. எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றி, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். இந்த ஊர் வெயிலுக்கு ஈரத்துணி எம்மாத்திரம்? தலைநகர் சூவாவுக்குப் போய் வேறு வாங்கலாம் என்றால், பஸ் ஓடுமா, வழியில் விடுவார்களா, கடை திறந்திருக்குமா... ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதனால்தான் இந்த வேன் எங்களுக்கு இவ்வளவு முக்கியம். இது பக்கத்து வீட்டு முனிசாமியுடையது. தாத்தா காலத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பம். இவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தார். பிள்ளைகளுக்கு இந்திதான் வரும். தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று என்னைக் கண்டாலே அவருக்குக் கொண்டாட்டம். லீவில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவதற்காக ஒரு பழைய மினிபஸ்ஸில் கட்டில், அடுப்பு, கேஸில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் என்று ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்தார். பிரிஸ்பேனுக்குக் கிளம்பிய அன்று சாவியை என் கையில் வைத்தார்.

"மாஸ்டர், காடிய எப்பவும் கேட்டைப் பாத்தே நிறுத்துங்க. மூஞ்சி கீழ இருக்கணும். பேட்டரி செத்துப் பூட்டாலும் ரெண்டாங் கியர்ல உருட்டி உட்டா ஸ்டார்ட் ஆயிடும். மொத கூ நடந்தப்ப கத்துக்கினது இது."

"ஃப்ரிட்ஜ்?"

"அது கொஞ்சம் நக்ரா பண்ணும். வூட்டுல நிக்க சொல்ல குளுராது. பீச்சுக்குப் போனா ஐஸ் மாதிரி ஆயிடும். கடல் காத்து புடிக்குது அதுக்கு. ஃபிஜிக்காருங்க சொல்றாப்ல செங்கா நா லெங்கா மாஸ்டர், ஒண்ணும் கவலப்படாதீங்க!"

கடல் காற்று பிடிக்கிற ஃப்ரிட்ஜ்! குடும்பமே வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு அவர் சொன்னபடியே நிறுத்தினேன். அவர் வீட்டைப் போலவே எங்கள் வீட்டு வாசலில் இருந்தும் கேட் வரைக்கும் நல்ல இறக்கம். வண்டியின் மூக்கு கேட்டைப் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் பாஸ்போர்ட். ஏதாவது ஒன்று என்றால் பிரேக்கை எடுக்க வேண்டியதுதான். தினம் அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஃப்ரிட்ஜ் மட்டும் குளிரவில்லை. என்னென்னவோ செய்தேன். பர்னரில் கரி பிடித்திருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கேஸ் வருகிற துளையில் சிலந்தி வலை, எடுத்தேன். பின்பக்கம் சூடு வெளியேறும் ஜன்னலைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது, சுரண்டினேன். சிலிண்டரை மாற்றினேன். சுடர் அழகாக நீலத்தில் எரிந்தது. உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பு. சரி, பேட்டரியில் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். அது இன்ஜின் ஓடும்போது மட்டும் போட வேண்டிய ஸ்விட்ச். பேட்டரி காலி. போகட்டும், இறக்கத்தில்தானே நிற்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கலா கேட்டாள்.

"பீச்சுல வண்டி சமமாத்தானே நிக்கும்?"

டம்ளரைக் கீழே வைத்தேன். இப்போது சிரியுங்கள்!

இந்த ஃப்ரிட்ஜில் மோட்டார் கிடையாது. நெருப்புதான் அதை ஓட்டுகிறது. சூட்டில் குழாய்க்குள் இருக்கிற அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும், ஆறித் திரவமாகும், பிறகு தானாக வழிந்து கீழே வர வேண்டும். வண்டி சாய்ந்திருந்தால் வருகிற வழியிலேயே தேங்கிவிடும். நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும்; குளிர் மட்டும் வராது. ரொம்ப நாள் அப்படியே ஓட்டினால் ஃப்ரிட்ஜே பாழாகிவிடும்.

"முன்சக்கரத்துக்கு அடியில கட்டை வச்சுத் தூக்கிடலாம்" என்றாள்.

"தூக்கினா வண்டி உருளாதே! பேட்டரியும் இல்ல. அவசரம்னா எப்படிக் கிளம்பறது?"

"எங்க கிளம்பறது?"

"எங்கயோ... முதல்ல கிளம்பணும்ல!"

கலா என்னையே பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"இந்த மருந்து கெட்டுப்போச்சுன்னா நான் எங்கயும் கிளம்பற நிலைமையில இருக்கமாட்டேங்க. நீங்க மட்டும் உருட்டிட்டுப் போவீங்களா?"

ஜாக்கியை எடுக்கப் போனேன்.

மறுநாள் காலையில், தோளில் ஒரு பெரிய மரக்கட்டையோடு ஓர் ஆள் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த நான் ஓடிப்போய்க் கதவுக்குத் தாழ் போட்டேன். யார்? எதிர்வீட்டு ஜோனே! ஃபிஜியர். எங்களைப் பார்த்தால் கை அசைக்காமல் போகாதவர். கலாதான் கட்டை கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் பழகிய மனிதரைப் பார்த்து நான் ஏன் பயந்தேன்? அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பின்சக்கரங்களுக்கு முன்னால் கல் கொடுத்தோம். ஜாக்கி போட்டு ஜோனே முன்பக்கத்தைத் தூக்கினார். மட்டம் பார்க்க வீட்டில் ரசமட்டம் இல்லை, சாம்பார்தான் இருந்தது. கலா கிண்ணத்தோடு உள்ளே உட்கார்ந்து சத்தம் கொடுத்தாள். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, ஜாஸ்தி! இறக்குங்க... போதும்!"

இந்த ஜாதி ஃப்ரிட்ஜ் உடனே குளிராது. அன்றைக்கு முழுக்க அதைத் திறக்கவே கூடாது என்று எனக்கு உத்தரவு. வியாழக்கிழமை காலையில் திறந்தோம். தெர்மாமீட்டரில் முள் மருந்துக்குச் சரியான இடத்தில் நின்றது. பின்னால் இருக்கிற உலோகத் தகடு பட்டால் இன்சுலின் உறைந்துவிடும், உறைந்தாலும் வீண். அதனால் பாட்டில்களை நடுத்தட்டில் தள்ளி வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்தால் என்ன?

சனிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து முனிசாமி போன் செய்தார். கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்.

"அப்போ... வூட்டுல இருந்த இத்தினி வருஷமும் நாங்க சாஞ்சிக்கினேதான் இருந்தோமா மாஸ்டர்?"

நான் பேச்சை மாற்றினேன். "அங்க எப்படி இருக்கீங்க?"

"ரோடெல்லாம் நல்லா சமமா கீது. இருந்தாலும் காடிய மூஞ்சி ரோட்டைப் பாத்துத்தான் நிறுத்தறேன். புள்ளைங்க சிரிக்குதுங்க."

எந்த நேரமும் ஓடத் தயாராக நிற்பதைத்தான் நான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி நிற்கும்போது உள்ளே எதெது கெட்டுப்போகிறது என்று பார்த்தேனா? இதைச் சொல்வதால் நான் ஞானியாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. நாளைக்கே நாங்களும் கிளம்பலாம். யார் கண்டது?

இன்று காலை மருந்து எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்த அதே நேரத்தில் விமானச் சத்தம். வழக்கம்போல வேன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே போய், சின்னதாகி, மேகத்துக்குள்...

"கதவைச் சாத்துங்க! குளிரெல்லாம் போயிடும்!" வீட்டுக்குள்ளிருந்து கலா.

சாத்தினேன். போகிறவர்கள் போகட்டும்... குளிராவது எங்களோடு இருக்கட்டும்.