முன்னால் ஓடி வருவது

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் சும்மா ஓட மாட்டார்கள். மழை கொட்டினாலும் நடைதான், வேன் ஹாரன் அடித்தாலும் நடைதான். ஒருத்தி ஓடினால் தீ என்று அர்த்தம். மற்றவர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடிவிடுவார்கள். அச்சங்குளம் பக்கம் வருடக்கணக்காக வெடிக்கு மருந்து செலுத்தும் யோகலட்சுமிக்கு இது தெரியாதா என்ன?

அவள் கம்பெனியில் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கொஞ்ச நாளாக மயங்கி விழுகிறாள். விழுவதற்குச் சற்று முன் காது இரையும், கண் மங்கும். சாத்தூர் டாக்டர் அப்சானா அதற்கு ‘ப்ரோட்ரோம்’ என்று பேர் சொன்னார்.

“அப்படின்னா என்ன டாக்டரம்மா?”

“ட்ரோம்னா கிரேக்கத்துல ஓட்டம். பல அறிகுறி சேந்து ஓடி வந்தா சின்ட்ரோம். நோவுக்கு முன்னால ஓடி வந்தா ப்ரோட்ரோம். முன்னால வந்து சொல்லுதே, அது நல்லதுதான். காது இரைஞ்சதும் அங்கனயே படுத்துருங்க.”

எங்கே படுப்பது, வெடிமருந்துத் தட்டின் மேலா? போர்மேனிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். பயம்தான், வேறென்ன.

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்த ஒரு மதியம் காது இரைந்தது. எதிரே அருணாதேவி குனிந்த தலை நிமிராமல் வேலையாக இருந்தாள். இருவருக்கும் நடுவில் மருந்து. விழுந்தால் தட்டும் சேர்ந்து சரியும். ஓர் உரசல் போதும். நடந்தே வெளியேறிவிடலாம் என்று எழுந்தாள். கண் இருட்டியது. நடந்தால் வாசலைத் தாண்ட முடியாது என்று தெரிந்துபோயிற்று. ஓடினாள்.

அருணாதேவியும் ஓடினாள். பக்கத்து அறைகளெல்லாம் காலியாயின. யோகலட்சுமி வேப்பமரத்தடியில் சுருண்டு விழுந்தாள்.

கண் திறந்தபோது சுற்றிலும் பேயறைந்த முகங்கள். அருணாதேவியின் முழங்காலில் ரத்தம்.

“எங்கனம்மா தீ?” என்றார் போர்மேன் கோட்டைச்சாமி.

பொறியைப் பார்த்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகு அது வெளியே வரவில்லை.

“தீயில்லண்ணே. எனக்கு மயக்கம் வரும். ரொம்ப நாளா வருது.”

“இம்புட்டு நாளும் எனக்கு எதுத்தாப்புலதான உக்காந்திருந்தீக யக்கா,” என்றாள் அருணாதேவி. யோகலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது.

கோட்டைச்சாமி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. லேபிள் ஒட்டும் கொட்டகைக்கு மாற்றினார். அங்கே போன வாரம் மறுபடி காது இரைந்தது. “ஏத்தா, எனக்கு வருது” என்று சொல்லிவிட்டுத் தரையில் நீட்டிப் படுத்தாள். பக்கத்தில் இருந்தவள் பசைச் சட்டியை நகர்த்தி வைத்தாள். யாரும் ஓடவில்லை.

வேனில் மட்டும் அருணாதேவி இப்போது வேறு சீட்டில் உட்காருகிறாள்.