தலை இருக்க வேண்டிய பக்கம்

பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து காய்ந்த வாடை. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போட்டவர் யாராவது ஏறினால், முதலில் அந்த வாடை ஏறும். ஆள் பிறகு வருவார். மூக்கில் பட்டதும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. மூட முடிகிறதா என்று பார்த்துக்கொள்கிறது.

திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, எனக்கு அடுத்த பெஞ்சில் அப்படி ஒருவர் இருந்தார். அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் நான் ஒரு பொய்க்கு வாயைத் திறக்காமல் துணைபோனேன். கழுத்தில் ஆபரேஷன் கத்தி பட்ட கதையோடு அதையும் சொன்னால்தான் இது முழுமையாகும்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சித்தூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பதினைந்து வருடம் கபடி ஆடியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதி போய் ரக்பி ஆடப் பழகிக்கொண்டிருந்தேன். என்னை அங்கே இழுத்துப்போனவள் பவானி. என்னைவிட ஆறு வயது இளையவள், கூரியர் ஆபீஸில் வேலை. கபடியில் நாங்கள் கைகோத்து நிற்கும் ஜோடி. ஓரத்தில் நான், என் வலது கைக்குள் அவளுடைய இடது கை. ரைடு வருபவளை அந்தச் சங்கிலியால்தான் வளைப்போம்.

ரேணிகுண்டா ஜங்ஷனில் வண்டி மாறுவதுபோல அவள் ஆட்டம் மாறினாள். கபடியிலிருந்து ஏழு பேர் ஆடும் ரக்பிக்குப் போனாள். மாவட்டப் போட்டிக்கு ஆள் குறைந்தது என்று கூப்பிட்டபோது கபடிக்கு வந்து ஜெயித்துக் கொடுத்தாள். மறுபடி ரக்பி, இந்த முறை பதினைந்து பேர் ஆடுவது. ஒரு ஆட்டத்தின் பழக்கத்தை அடுத்த ஆட்டத்துக்குள் அவள் உடம்பு கொண்டுவராது. நானோ எங்கே போனாலும் மூட்டை முடிச்சோடு போகிறவள்.

பொறாமை என்ற சொல்லை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவள் வேகத்தின் மீது பொறாமை. பிரியாணி தின்றுவிட்டு அரை மணியில் ஓடக்கூடிய அவள் வயிற்றின் மீது பொறாமை. ஷூ கயிற்றைக் குனியாமல், ஒற்றைக் காலில் நின்று கட்டுவாளே, அதன் மீதுகூட.

அந்த ஞாயிறு கோச் எல்லார் முன்னாலும், "பவானியைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார். பிறகு எங்களை இரண்டு அணியாகப் பிரித்தார். அவள் எதிரணி. பந்தோடு என்னை நோக்கி ஓடிவந்தாள்.

ரக்பியில் ஓடுபவளைச் சாய்க்கும்போது தோள் அவள் தொடையில் படவேண்டும். நம் தலை அவளுக்குப் பின்பக்கம் இருக்கவேண்டும். வாராவாரம் சொல்லித்தருவார்கள். கபடியில் கணுக்காலைப் பிடிக்கக் குறுக்கே பாய்கிறவள் தலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நான் குறுக்கே பாய்ந்தேன். தெரிந்துதான் பாய்ந்தேன். எல்லாரும் பார்க்க அவள் விழவேண்டும்.

விழுந்தாள். கைதட்டினார்கள். அவள் முட்டி என் உச்சந்தலையில் இறங்கியிருந்தது. கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை யாரோ தீக்குச்சியால் கோடு கிழித்தார்கள்.

"ஒன்னும் இல்லடி" என்று எழுந்து ஆடினேன். மறுநாள் காலை டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. மூன்றாம் நாள் ஈரத்துண்டைப் பிழிய முடியவில்லை. பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள். கையில் எரிச்சல் கோடாக இறங்கினால், பிடி தளர்ந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

"புத்தூர் போயி கட்டு கட்டிக்கினு வந்தா ஒரே மாசம், சரியாப் பூடும்" என்றார் நைனா, என் அப்பா.

"நைனா, அது எலும்பு ஒடஞ்சா. இவ கைல டம்ளரே நிக்கல, நரம்புக்கு எங்க கட்டுறது? உன் மீசையிலயா?" என்று பவானி சண்டை பிடித்தாள். அவள்தான் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் தன் இரண்டு விரல்களை என் உள்ளங்கையில் வைத்தார். "கட்டிகா பட்டுகோம்மா" (இறுக்கிப் பிடிம்மா) என்றார். பல்லைக் கடித்துப் பிடித்தேன். சற்றுப் பொறுத்து, "பட்டுகுன்னாவா?" (பிடிச்சிட்டியா?) என்று கேட்டார்.

ஸ்கேனில் தெரிந்தது டிஸ்க் பிதுக்கம் (கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை வெளியே தள்ளி நரம்பை அழுத்துவது). ஆபரேஷன் வேண்டும் என்றார்கள்.

வராந்தாவில் பவானி அழுதாள். "என் முட்டிதான்க்கா உன் கழுத்த இப்டி பண்ணிச்சு."

பக்கத்து பெஞ்சிலிருந்து பச்சிலை வாடை வந்துகொண்டிருந்தது. என் தலை தப்பான பக்கம் இருந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை. அழட்டும் என்று இருந்தது. வலி மாத்திரையைவிட அது இதமாக இருந்தது.

கழுத்தின் முன்பக்கம் திறந்து, டிஸ்கை எடுத்துவிட்டு, உலோகத் தகடு வைத்தார்கள். ஆறு வாரம் காலர் (கழுத்துப்பட்டை). பிறகு மாவு போன்ற ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பிசையும் பயிற்சி. பிடியின் வலுவை அளக்க முள் வைத்த ஒரு கருவி. எனக்குக் காலண்டர் அந்த முள்தான். சில மாதங்கள் முழுக்க ஒரே தேதியில் நின்றது.

ஞாயிறுதோறும் பவானி மைதானத்திலிருந்து நேராக வருவாள். புல்லும் வியர்வையுமாக நெடி அடிக்கும். அந்த நெடியைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை எனக்கு. சங்கிலி கோப்பதுபோல என் வலது கைக்குள் இடது கையைக் கொடுத்து, "புடி" என்பாள். பிடிப்பேன். "கோழிக்குஞ்சு கூட இதவிட நல்லா புடிக்கும்க்கா" என்று சிரிப்பாள். சில ஞாயிறுகளில் புல் நெடி இல்லாமல் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எட்டாவது மாதம் டாக்டர் சொன்னார், இனி எல்லா வேலையும் செய்யலாம், மோதுகிற ஆட்டம் மட்டும் கூடாது. அதே வாரம் பதினைந்து பேர் அணியின் பயிற்சி முகாமுக்குப் பவானிக்கு அழைப்பு வந்தது.

"நான் போகல" என்றாள். "காணிப்பாக்கத்துல முழுகி சத்தியம் பண்ணிடறேன், இனிமே அந்தப் பந்த தொடமாட்டேன்னு. சாட்சிக்கு நீ வாக்கா."

குடியை விடுகிறவர்கள் குளத்தில் முழுகிப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்கிற ஊர் அது. அங்கே செய்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மீறத் துணிவதில்லை.

"வரேன்" என்றேன். நான் செய்ததில் மிக மோசமானது அந்த ஒரு சொல்.

குளத்துப் படியில் ஒரு பெண் தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா முழுகுய்யா! போன வாட்டி உச்சி நனையல, சாயங்காலமே ஊத்திக்கினு வந்த."

பவானி சிரித்தாள். பாசிப் படியில் ஒரு காலை வைத்து, என்னிடம் கையை நீட்டினாள். "வழுக்குது, புடிக்கா."

பிடித்தேன். என்னை நம்பித் தன் எடையைச் சாய்த்தாள். தகடு வைத்த கழுத்துக்குக் கீழே, அந்தக் கை தாங்கியது.

"என் தல தப்பான பக்கம் இருந்துச்சுடி."

"இன்னாக்கா?"

"அன்னிக்கு. உன் முட்டி ஒன்னும் பண்ணல. நான்தான் கபடி மாதிரி குறுக்க வந்தேன். உன்ன வுழ வெக்கணும்னு."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எட்டு மாசமா சொல்லாம கீற?"

"பொறாமைடி. இப்பவும் கீது."

குளத்திலிருந்து அந்த ஆள் தும்மிக்கொண்டு எழுந்தான். பவானி கையை உருவிக்கொண்டாள். "மூணு வாட்டி மைதானத்துக்குப் போயி, பந்த எடுக்க முடியாம திரும்பி வந்துக்கீறேன். உனக்குத் தெரியுமா அது?"

ஈரமான ஒற்றைக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினாள். சித்தூர் பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

இப்போது என் கழுத்து பாதிதான் திரும்பும். பின்னால் பார்க்க வேண்டுமானால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். அதனால் எதையும் ஓரக்கண்ணால் பார்க்கிற வசதி போய்விட்டது. எட்டு மாதம் எங்கே போனது என்று தேடினால் வலது உள்ளங்கையில் கிடைக்கிறது. சூடான டம்ளர், சாவி, பிழிந்த துண்டு என்று ஒவ்வொன்றாக. கையின் பிடி திரும்பி வந்தது. பொறாமை போகவில்லை; அதுவும் தகடு மாதிரி உள்ளேயே இருக்கிறது, குளிர்நாளில் தெரிகிறது.

குளத்துக்குப் போய்வந்த பத்தாம் நாள் பவானியிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: காலைல ஆறு மணி பஸ்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முகாம் பையை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திருப்பதி போய் அங்கே ரயில் ஏறவேண்டும். என்னைப் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னல் கம்பிக்கு வெளியே இடது கையை நீட்டினாள்.

"புடி."

பிடித்தேன். என்னிடம் இருந்த எல்லாவற்றையும் வைத்துப் பிடித்தேன். பஸ் அசைந்தது. கூடவே இரண்டு அடி நடந்தேன். அவள் முகம் சுளித்தது, பிறகு சிரிப்பாக மாறியது.

"உடுக்கா, வலிக்குது."