கரண்ட் போனால் கீரை பறிப்போம்

எங்கள் சந்தில் பகலில் கரண்ட் போனால் யாரும் விசிறியைத் தேட மாட்டோம், தொரட்டியைத் தேடுவோம். காத்திவாக்கத்தில் எங்கள் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு முருங்கை மரம். எல்லாம் வளர்ந்து மின்கம்பிக்குள் தலையை விட்டிருக்கும். கரண்ட் இருக்கும்போது கிட்டே போகப் பயம். போய்விட்டால் கம்பி செத்துப்போனதாக நினைத்து, ஆளாளுக்குக் கீரையும் காயும் பறிப்போம். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

எங்கள் மரத்தை வைத்தவர் என் வீட்டுக்காரர். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன வாரமே எங்கிருந்தோ ஒரு போத்து, முருங்கைக் கிளைத் துண்டு, கொண்டுவந்து நட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது காது கொஞ்சம் மந்தம். அவருடைய தொரட்டி, நுனியில் கொக்கி வைத்த நீள இரும்புக் குழாய்.

போன கோடையில் ஒருநாள் காலை, கரண்ட் போன நேரம் நான் பருப்பு வாங்க முனைக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் லைன்மேன் ஏணி மேல் நின்றிருந்தார். எங்கள் சந்துப் பக்கம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இன்னாம்மா, அங்க அல்லாரும் கொம்பத் தூக்கினு நிக்கிறாங்க?"

"கரண்ட் இல்லியே, கீரை பறிக்கிறாங்கோ" என்றேன், தரையைப் பார்த்து.

"ஐயய்யோ! ஃபீஸுதாம்மா போய்கீது. உங்க வூட்டுக்குத்தான் கரண்ட் இல்ல. மேல போற கம்பில ஃபுல்லா கீது. அத்தத் தொட்டா ஆளு காலி!"

அவர் ஏணியை விட்டு இறங்கும்வரை நான் நிற்கவில்லை. பருப்புப் பொட்டலம் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

சந்துக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் மதில் மேல் ஏறி நின்றிருந்தார். உச்சிக் கிளையில் தொங்கிய காய்களுக்காக இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க! இந்தாங்க! வாணாம்!"

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, மாமா எங்க போய்டப் போறாரு? இப்டி ஓடியாற?"

எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் புருஷனை 'இன்னாங்க', 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சத்தத்தில் அவர் எதற்குத் திரும்பப் போகிறார்? குழாய் இன்னும் மேலே போனது.

நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். இங்கேயும் எழுத மாட்டேன். சந்தே அடங்கிப்போனது. அவர் குழாயை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"யாரு என்னிய கூப்ட்டது?"

"நான்தான். அத்தக் கீழ போடுங்க. மேல் கம்பில கரண்ட் கீது."

பின்னாலேயே ஓடிவந்த லைன்மேன் எல்லாத் தொரட்டியையும் கீழே போட வைத்தார். மறுவாரம் ஆட்களோடு வந்தார். மேல் லைனையும் நிறுத்தி, கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்து, மண்ணோடு அதை இணைத்த பிறகுதான் கிளையில் கத்தியை வைத்தார்கள்.

"வேரோட எடுத்துட்லாமா நைனா?" என்று லைன்மேன் கேட்டார்.

என் வீட்டுக்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குக் கீரை வோணும்பா."

லைன்மேன் என்னைப் பார்த்தார். "செரி, கம்பிகிட்ட வளர வளர நாங்களே வந்து கழிச்சுடறோம். கைக்கு எட்டறத மட்டும் பறிங்க. கொம்பு கிம்பு எடுத்தீங்க, அப்றம் பேஜாராயிடும்."

கழித்த கிளைகளைப் பிரித்துச் சந்து முழுக்கக் கீரை கொடுத்தோம்.

அந்த ஒரு வாரமும் என் வீட்டுக்காரர் நான் பெயர் சொன்ன பேச்சையே எடுக்கவில்லை. கிளை கழித்த அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"என் பேரு உன் வாயில நல்லாத்தான் கீது. இன்னொரு தபா சொல்லேன்."

"ஐய, சோத்தத் துன்னுங்க" என்றேன்.

கீரையை அள்ளி அவர் தட்டில் வைத்தேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டு வைத்ததில், பாதி தரையில் விழுந்தது.