எண்பத்தெட்டு வயதுக்காரரிடம் யாரும் கேட்காத கேள்வி

என் மனைவியின் அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசுவதில் கெட்டிக்காரர். அவருடைய அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கடலூர் டாக்டர் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான் பேசினார். என் மாமனாருக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. சிதம்பரம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காது நன்றாகவே கேட்கும். அவர் இரண்டடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே மச்சான் என்னிடம் கிசுகிசுத்தார்.

“அவருக்குத் தெரிய வேணாம் மாப்ள. மூலம்னு சொல்லிடுவோம். இந்த வயசுல கத்தி வச்சா தாங்க மாட்டாரு. இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.”

யாருடைய நிம்மதி என்று எனக்குத் தெரியும். மலத்தில் ரத்தம் போவதாக மாமனார் நான்கு மாதமாகச் சொல்லிவந்தார். மச்சான் ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்தார். திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். மொட்டை தனக்கல்ல, அப்பாவுக்கு. நானும் யோக்கியன் இல்லை. அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

அடுத்த மூன்று வாரத்தில் மாமனார் பாதியாக இளைத்தார். வயிறு உப்பிக்கொண்டது. என் மனைவி ஒருநாள் காலை யாரையும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். பஸ் பிடித்துச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விஷயம் தெரிந்து மச்சானும் பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தார்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். மாமனாரைப் பார்த்து, “மாடி ஏறுவீங்களா?” என்று கேட்டார்.

“அவரால எங்க மேடம்...” என்றார் மச்சான்.

“நான் அவரக் கேட்டேன்.”

“ரேஷன் அரிசிய நாந்தான் சைக்கிள்ல வச்சி தள்ளிக்கிட்டு வரேன்மா” என்றார் மாமனார்.

“உங்களுக்கு என்னன்னு சொல்லியிருக்காங்களா?”

“மூலம்னாங்க. மூலத்துக்கு எவனும் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட மாட்டான். கேன்சர்தான?”

டாக்டர் ஆமாம் என்றார். இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன், வயதை மட்டும் வைத்து அல்ல என்றார். ஆபத்து இருக்கிறது, வயிற்றில் துளை போட்டு மலம் சேரும் பை மாட்ட வேண்டி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

“பண்ணலன்னா?”

“குடல் முழுசா அடைச்சிக்கும். ரொம்ப வலிக்கும்.”

“அப்ப பண்ணிடுங்க.”

பரிசோதனைகள் முடிந்து, சம்மதப் படிவம் வந்தபோது மச்சான் பேனாவுக்குக் கை நீட்டினார். மாமனார் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தானே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு மூன்று நாள் அவருக்கு நினைவு குழம்பிவிட்டது. குழாயைப் பிடுங்கப் பார்த்தார். “ரைட் சொல்லுய்யா, டைம் ஆவுது” என்று நர்ஸைக் கண்டக்டராக நினைத்துத் திட்டினார். வயதானவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, சரியாகிவிடும் என்றார் டாக்டர். மச்சானோ வராந்தாவில் நின்று போன் போட்டு ஒவ்வொரு உறவினருக்கும், “நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான்காம் நாள் மாமனார் தெளிந்தார். வயிற்றில் மாட்டியிருந்த பையை மாற்றுவதற்கு முதலில் என் மனைவி கற்றுக்கொண்டாள், பிறகு அவரே. மச்சான் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியோடு நின்றான். அவன் என்று எழுதுகிறேன். அதற்கு மேல் மரியாதை வரவில்லை.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. போன மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் மச்சான் பக்கத்து இலைக்காரரிடம், “எல்லாரும் வேணாம்னாங்க. நாந்தான் துணிஞ்சி சிதம்பரம் கூட்டிட்டுப் போனேன்” என்றான். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

மாமனாருக்கு நன்றாகவே கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“மாப்ள, ரசம் இன்னும் வரல பாரு” என்றார் என்னிடம்.